கூரைமேல் எறியாத பல்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு,

நேற்று பக்கத்து வீட்டு ரங்கம்மாளும் நானும் தெருப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தோம். நம் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பால்பற்களிலும் நம் மகளின் பல்லில் இருக்கும் அதே பழுப்புக் கறை. குளத்துத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு இல்லை.

"நல்லாத்தான் தேச்சேன் நைனா" என்று போன தடவை நீங்கள் வந்தபோது நம் மகள் அழுதாள். "பொய்யா சொல்றே, ஊத்தவாயி!" என்று அறைந்தீர்கள். ஈறில் ரத்தம் வரும்வரை செங்கல் பொடியால் தேய்த்தீர்கள். அன்றிலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள்.

இன்று அவளுடைய முன்பல் விழுந்தது. கூரைமேல் எறிவதுதான் வழக்கம்; நான் எறியவில்லை. இந்த ஓலையோடு முடிந்து அனுப்பியிருக்கிறேன். வெளுக்கும்வரை நீங்களே தேயுங்கள்.

குளத்துத் தண்ணீருக்கு மாறிவிட்டோம். புதுப் பல் தை மாதம் தெரியும். அது எந்த நிறத்தில் முளைத்தாலும், அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குள் வராதீர்கள்.

உங்கள் மகளைப் பெற்றவள்