சின்னச் சில்லுக் கார்

அண்ணை,

இன்று காலை உங்கள் காரை வாங்க ஒரு மனிதர் வந்திருந்தார். உங்கள் ஆண்டுத் திவசம் முடியுமுன் விற்கக்கூடாது என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். கோழி அடைகிடக்கிற காரை வைத்திருந்து என்ன செய்ய என்று அண்ணி கேட்டா. அவா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கார்க் கொட்டிலை மூடியிருந்த படங்கை இழுத்து விலக்கியதும், உள்ளே புழுங்கிக் கிடந்த ரயரின் ரப்பர் மணம் குப்பென்று வந்தது. அந்த மணம் எனக்கு ஆகாது. உங்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும் என் வீட்டு வாசலில்தான் காரை நிற்பாட்டுவீர்கள்.

வந்தவர் எல்லாரும் செய்வதுபோல முன் சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். ஹோர்ன் அடித்துப் பார்த்தார். கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இந்தக் காரை வாங்கிய நாளும் எனக்கு நல்ல ஞாபகம். சிறுபோகம் நன்றாக விளைந்த ஆவணி அது. எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்கவேண்டும் என்பதால், பூநகரியில் படிப்பித்துக்கொண்டிருந்த இவரைத் தனியே விட்டுவிட்டு முள்ளியவளைக்கு வந்திருந்தேன். "என்ர தங்கச்சி பிள்ளை பெறப் போகேக்க ராசாத்தி மாதிரிக் காரில போகோணும்" என்று சொல்லித்தான் என்னையும் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அம்மா அப்படியே பூரித்துப் போனா. நானும்தான்.

கார் விற்றுக் கொடுக்கிற முஸ்லிம் நானாவின் வளவில் இரண்டு கார் நின்றன. ஒன்று கறுப்பு, கிழடு. சில்லு உயரம், ரயர் ஒடுங்கல், ஏறுவதற்கு மிதிபலகை. மற்றது இந்த நீலம். நிலத்தோடு பதிந்த கார், சில்லு சின்னது, ரயர் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. நானா உங்களிடம் ஊரையும் பாதையையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உங்கட பக்கம் வண்டில் பாதை. வண்டில் சில்லு போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் விழும், நடுவில மண்திட்டு நிக்கும். இந்தச் சின்னச் சில்லு பள்ளத்துக்குள்ள இறங்கினா காரின்ட வயிறு திட்டில குந்திடும். கறுப்பைக் கொண்டுபோங்க. பாக்கத்தான் கிழடு, சில்லு உயரம்."

நீங்கள் என்னை வேலியோரம் கூட்டிப்போய்ச் சிரித்தீர்கள். "கிழட்டு மாட்டைத் தலையில கட்டப் பார்க்கிறான். கூடின விலைச் சாமானை வேண்டாம் எண்டு சொல்லுற வியாபாரியை எங்கையாவது கண்டிருக்கிறியே?" பிறகு போய்க் குந்தியிருந்து, நிலத்துக்கும் காரின் வயிற்றுக்கும் இடையில் கையை விட்டுச் சாண் போட்டீர்கள். "காணும்" என்றீர்கள். வெறுங்காரை அளந்தீர்கள், அண்ணை. உள்ளே ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை. என்னிடம் நிறம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள்.

ஆவணியில் எந்தக் காரும் நல்ல கார்தான். தடம் முழுக்கப் புழுதி நிரம்பி, பள்ளமும் திட்டும் ஒன்றாகக் கிடந்தது. கோயில் வாசல்வரை நெய்யில் வழுக்குவதுபோலப் போய் வந்தீர்கள். மழை தொடங்கியபின்தான் அடி உரசத் தொடங்கியது. உடனே முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்ப் பெரிய ரயர் போட்டுக்கொண்டு வந்தீர்கள். திருப்புகிற இடமெல்லாம் அது மட்காட்டில் தேய்ந்து புகைத்தது. கழற்றிப் பழையதையே போட்டீர்கள். "சின்னக் காலுக்குப் பெரிய சப்பாத்துப் போட்ட மாதிரிப் போச்சு" என்று குசினி வாசலில் நின்று நீங்களே பகிடி விட்டீர்கள். நானும் அம்மாவும் சிரித்தோம். இந்தச் சில்லு நம் பாதைக்கு ஆகாது என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

மாசியில் எனக்குப் பிள்ளைநோ கண்டது. காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்தது. வயலில் இருந்து நெற்கதிர் உப்பட்டிக் கட்டு ஏற்றின வண்டில்கள் காலை முதல் பொழுதுபடும்வரை அந்தத் தடத்தில்தான் போய் வந்தன. ஈரக் களியில் பாரவண்டில் போனால் பள்ளம் எவ்வளவு ஆழும் என்று கமக்காரனான உங்களுக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? மருத்துவிச்சி என் வயிற்றைத் தடவிவிட்டு, "பிள்ளை குறுக்கால கிடக்கு. எனக்கு ஏலாது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றா. படலையடியில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டில் நின்றது. மாடும் நின்றது. "வண்டிலைப் பூட்டுங்கோவன்" என்று அவாதான் சொன்னா.

"கார் நிக்க வண்டிலோ?" என்று கேட்டீர்கள்.

பின் சீட்டில் என்னைக் கிடத்தினீர்கள். என் தலை அம்மாவின் மடியில். காலடியில் மருத்துவிச்சி. முன்னால் உங்களோடு பக்கத்து வீட்டுக்காரர். இவ்வளவு பேரும் ஏறியதும் கார் பதிந்துபோனது. வயல்வெளியின் நடுவில், கல்லு ரோட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அடியில் ஏதோ கரகரவென்று உரசிக் கார் நின்றுவிட்டது. நானா சொன்னதுபோல அப்படியே திட்டில் குந்திவிட்டது. நீங்கள் காலால் அமத்த அமத்தச் சில்லு களியில் சுழன்றதே தவிர, கார் ஓர் அடி நகரவில்லை. ரயர் எரிகிற மணம் கார் முழுக்க நிறைந்தது.

வெட்டுக்காரர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். பின்னால் வந்த ஒரு வண்டில்காரர், யாரும் கேட்காமலே உப்பட்டிகளைக் கீழே தள்ளத் தொடங்கினார். "பிள்ளைத்தாச்சியை இதில ஏத்துங்கோ. இது எங்கட சில்லு வெட்டின தடம். வண்டில் நிக்காது" என்றார். அம்மா என் தலையைத் தூக்கிவிட்டா. நானும் எழும்பத்தான் பார்த்தேன்.

"என்ர தங்கச்சியை உப்பட்டி வண்டில்லயோ? ஊர் என்ன கதைக்கும்? கொஞ்சம் பொறுங்கோ, திட்டை வெட்டி எடுத்துவிடுறன்" என்று மண்வெட்டி கேட்டீர்கள். வண்டில்காரர் சரி என்று மாட்டை அவிழ்த்து, காரையாவது இழுப்போம் என்று கயிறு கொண்டுவந்தார். அதற்கும், "பம்பரில கட்டாதேங்கோ, வளைஞ்சுபோகும்!" என்றீர்கள். யன்னலால் எனக்குக் கேட்டது. குடல் கிழிகிற நோவிலும் அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது.

நீங்கள் திட்டை வெட்டிக்கொண்டே இருந்தீர்கள். மருத்துவிச்சி கையை விட்டுக் காலைப் பிடித்துத் திருப்ப, பிள்ளை காருக்குள்ளேயே பிறந்தது. பெண்பிள்ளை. மருத்துவிச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினா. அழவில்லை. பிறகும் தட்டினா. அம்மா தன் சேலைத் தலைப்பை விரித்து வாங்கிக்கொண்டா. அந்த நேரம் பார்த்துத்தான் கார் ஒருமுறை குலுங்கித் திட்டை விட்டு இறங்கியது. "எடுபட்டுது! எடுபட்டுது!" என்று நீங்கள் வெளியே கத்தினீர்கள். அவ்வளவு சந்தோசமான குரல்.

இனி என் வயிற்றில் பிள்ளை தங்காது என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த நாள் நீங்கள் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுச் சீட்டைக் கழுவி வெயிலில் காயவைத்ததாக அம்மா பிறகு சொன்னா. கறை முழுக்கப் போய்விட்டதாம்.

அதன்பிறகு நீங்கள் எனக்குச் செய்யாதது என்ன? கொக்கிளாய் இறால் வந்தால் முதல் பங்கு எனக்கு. தீபாவளிக்குச் சேலை. இவருக்கு முள்ளியவளைக்கு மாற்றம் கிடைக்க நாயாய் அலைந்தீர்கள். இறாலை வாங்கிச் சமைத்தேன், சேலையை உடுத்தேன். நான் காத்திருந்தது ஒரு சொல்லுக்கு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் யாராவது கதையை எடுத்தால், எனக்கு முன்னால் வைத்தே, "ஆயுள் அவ்வளவுதான். எழுதினது நடந்துது" என்று வெற்றிலையை மடிப்பீர்கள். பிறகு அந்தப் பாதைக்குத் தார் போட்டார்கள். திட்டும் இல்லை, பள்ளமும் இல்லை. "பாத்தியே, என்ன மாதிரி ஓடுது!" என்று என்னிடமே வந்து சொன்னீர்கள். உங்களைச் சபிக்கவேண்டும்போல இருந்தது. தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

இன்று வந்தவர் காரைச் சுற்றி வந்து "நல்ல கார்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். கொக்கிளாய்ப் பக்கமாம்.

"பாதை எப்பிடி?"

"வண்டில் பாதைதான் அக்கா."

"அப்ப இது வேண்டாம். சில்லு சின்னன். ஆக்களை ஏத்தினால் திட்டில குந்திடும். வேற பாருங்கோ."

அவர் முகம் மாறி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போய்விட்டார். அண்ணி போய்ப் படலையைச் சாத்தினா. பிறகு வெடித்தா.

"எவ்வளவு காலத்துக்கு மச்சாள் இந்தச் சில்லுக் கதை? இவரையும் இதே காரிலதானே கொண்டு போனது? தார் ரோட்டு, ஒரு இடத்தில நிக்கேல்லை. நெஞ்சுநோ எண்டு வாய் மூடமுன்னம் கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால விட்டனாங்கள். பிழைச்சாரோ? சொல்லுங்கோ, பிழைச்சாரோ?"

வீட்டுக்கு வந்து அடுப்பும் மூட்டாமல் இருக்கிறேன்.

அண்ணி கேட்டது சரிதான், அண்ணை. பிள்ளை குறுக்கே கிடந்தது. தன்னால் ஏலாது என்று சொன்னபோது மருத்துவிச்சியின் முகம் எப்படி இருந்தது என்று நான் இதுவரை என்னை யோசிக்கவே விடவில்லை. கறுப்புக் காரில் போயிருந்தாலும், வண்டிலில் போயிருந்தாலும் என் மகள் பிழைத்திருக்கமாட்டாளோ? இருக்கலாம். நீங்கள் வெற்றிலை மடித்துக்கொண்டு சொன்னதுதான் உண்மையாகவும் இருக்கலாம். உங்களை மன்னிக்க எனக்கு அந்த ஒரு எண்ணம் போதும். ஆனால் நான் மன்னிக்கப் போவதில்லை. அவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த அம்மாவும் போய்விட்டா. எழுதினது நடந்தது என்று நானும் சொல்லிவிட்டால், அவளுக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.