கொசுறுக் கறிவேப்பிலை

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

மாடியில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் யாழினியும் கவினும் என்னோடு சேர்ந்து வளர்த்த ஐந்து புழுக்களும் காலையில் ஜாடிக்குள் செத்துக் கிடந்தன. இரண்டு நாளில் கூடு கட்டியிருக்கும்.

"கை கழுவாம தொட்டியா?" என்று யாழினியைக் கேட்டேன்.

"ஒரே ஒருவாட்டி தடவிக் குடுத்தேன் ஆன்ட்டி."

"அதான். சொன்ன பேச்சக் கேட்டாத்தானே!"

"நீதான்டி கொலகாரி" என்று சொல்லிக்கொண்டே தம்பி அவள் பின்னால் படியேறினான்.

மத்தியானம் ரசம் தாளிக்கும்போது மீதிக் கறிவேப்பிலையை எடுத்தேன். குப்பென்று பூச்சி மருந்து வாடை. என் தொட்டிக் கறிவேப்பிலைச் செடியைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. பக்கத்து வீட்டு மரம் மதில் தாண்டித் தொங்குகிறது. மூன்று வருடமாக முகம் பார்க்காதவளிடம் போய் நான் இலை கேட்பதா? அதனால்தான் நேற்றுக் காய்கறிக்காரர் கொசுறாகத் தந்த கொத்தை ஜாடியில் போட்டேன். முகர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் சிதம்பரத்தில் வேலை முடிந்து வந்த பிள்ளைகளின் அம்மா, யாழினியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். "மன்னிப்பு கேளுடி. ஆன்ட்டி எவ்ளோ பாத்துப் பாத்து வளத்தாங்க!"

அழுது முகம் வீங்கியிருந்தது. "சாரி ஆன்ட்டி. இனிமே எதையும் தொட மாட்டேன்."

கான்வென்டில் படித்த காலத்தில் பொய் சொன்னதற்காக ஒருநாளும் நான் முட்டி போட்டதில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அம்மாக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, மன்னிச்சுட்டேன் போ" என்றேன்.