நாலடி நிலமும் அடுத்த தவணையும்

அக்கா,

நேற்றுக் காலை வேலியோரம் வாழைக்கன்று வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளமான மரக்கட்டை. தலைப்பக்கத்தில் சிவப்பு மை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"வெறுங் கட்டைதான் ரீச்சர், ஒண்டுமில்லை" என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஆனாலும் அந்தக் குழியை மேலே வெட்டவில்லை. கொஞ்சம் தள்ளி வேறோர் இடம் பார்த்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டையை எடுத்துக் கழுவினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிவப்பில் விரல் படாமல்தான் பிடித்தேன். இதைச் சொன்னால் விளங்கிக்கொள்ளக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லாததால் எழுதுகிறேன்.

போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஊர் எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீடுகளில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. பனைகளைப் பதுங்குகுழிகளுக்குத் தறித்திருந்தார்கள். வேலியும் இல்லை, வேலிக்கு நட்ட கதியால் மரங்களும் இல்லை. எது என் வளவு, எது உங்கள் வளவு என்று கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். மிதிவெடி அகற்றுகிறவர்கள் என் பக்கத்தை முதலில் துப்புரவாக்கித் தந்தார்கள். உங்கள் பக்கத்துக்கு இன்னும் நாள் எடுக்கும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் தலையில் சிவப்பு மை பூசிய கட்டைகளை வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். உங்கள் வளவைப் பார்த்தபடியே நீங்கள் ஆறேழு மாதம் என் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தீர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பு.

உங்கள் கோழி ஒருநாள் கட்டைகளைத் தாண்டிப் போய் அந்தப் பற்றைக்குள் முட்டையிட்டது. இருவரும் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டை ஆறடி தூரத்தில், கண்ணுக்கு நேரே கிடந்தது. நான் ஒரு காலை எடுத்து வைக்கப் போனேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தீர்கள்.

"அது அங்கேயே குஞ்சாகட்டும் ரீச்சர். கோழிக்குப் பத்து முட்டை. எனக்கு ஒரு ரீச்சர்."

பிறகு உங்கள் பக்கத்தையும் துப்புரவாக்கினார்கள். சில கட்டைகளைப் பிடுங்கினார்கள், சிலவற்றை மறந்துவிட்டார்கள். நாங்கள் வேலி போட்டோம். கயிற்றின் ஒரு முனையை நீங்கள் பிடித்தீர்கள், மறு முனையை நான் பிடித்தேன். கயிறு அந்தக் கட்டைகளின் மேலாகத்தான் போனது. அது எல்லைதானா என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேறு கோடு தெரியாது. அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றால் கால் இருக்கும் என்பது மட்டும் தெரியும். பயம் போட்ட கோட்டின் மேல் கதியாலை நட்டுவிட்டு, வேலி நேராக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அரசாங்க வீட்டுத்திட்டம் வந்தபோது நான் என் சமையல் குசினியை அந்த வேலியோரமாகவே கட்டினேன்.

வழக்குக் கடிதம் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். நீங்கள் என் குசினிக்குள் மர வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். நீதிமன்றத்திலிருந்து வந்தவர் படலை வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீளமான உறையைத் தந்தார். எங்கள் ஊருக்கு வந்த அரசாங்கக் கடிதங்களை நான் அறிவேன். எழும்பு என்றன, போ என்றன, வந்து பதி என்றன. உறையைப் பிரித்தேன். வாசித்தேன். என் வளவுக்குள் நாலடி அகலத்துக்கு உங்கள் காணி இருக்கிறதாம். அதை மீட்டுத் தரவேண்டுமாம். அதிலுள்ள கட்டடத்தை அகற்றவேண்டுமாம். கட்டடம் என்றால் குசினி. வழக்காளியின் பெயரைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தேன்.

நீங்கள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஓம், அது நான் போட்டதுதான் ரீச்சர். உங்கட தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னால் நீங்கள் ஓம் எண்டு சொல்லுவியள். பிறகு நீங்களும் நானும் செத்துப்போனால், ஓம் எண்டு சொன்னதை ஆர் வந்து சொல்லுறது?"

காணிப் பதிவுக் கந்தோரில் உங்கள் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி கிடைத்திருக்கிறது. நில அளவையாளர் வந்து அளந்திருக்கிறார். பத்து வருடம் பேசாமல் இருந்தால் காணி அடுத்த வளவுக்காரருக்கே போய்விடும் என்று சந்தியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சட்டம் பாதிதான் சரி என்று பிறகு அறிந்தேன். ஆனால் பாதிச் சட்டம் முழுச் சட்டத்தைவிட வேகமாக ஊரைச் சுற்றும். அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் வழக்குப் போடாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆடு சீலையைத் தின்றதற்கு ஒருவர் பொலிசுக்குப் போனார். கோயிலில் மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சியைத் தனக்கு முன்னால் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஓர் அண்ணன் நீதிமன்றம் போனார். இரண்டு சகோதரிகள் கிணற்றுப் பாதைக்கு வழக்காடினார்கள். அந்தக் கிணறு தூர்ந்து போய்க் கனகாலம். இருவர் வீட்டிலும் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் குணக்கேடு என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் பென்சிலுக்குச் சண்டை பிடிக்கும் பிள்ளைகள் வளர்ந்து இப்படி ஆகிறார்கள் என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்லிச் சிரித்தவள் நான். என் வீட்டுக்கே அந்த உறை வந்த பிறகு சிரிப்புப் போய்விட்டது. அடுப்பில் உலை வைத்தால், இந்தச் சுவர் இன்னும் எத்தனை நாளைக்கு என்ற நினைப்பு வரும். ஓய்வூதியக்காரி. இடித்தால் திரும்பக் கட்ட எனக்கு வலு இல்லை.

மன்னார் நீதிமன்றத்துக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போய் வந்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஊருக்கு இருந்தது அந்த ஒரு பஸ்தான். வழக்கின் முதல் தவணை நாளில் நான் வேண்டுமென்றே பின் இருக்கைக்குப் போனேன். நீங்கள் எழும்பி வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, "முன்னுக்கு வெயில் அடிக்குது" என்றீர்கள். மூன்றாம் தவணையிலிருந்து எனக்கும் சேர்த்துப் புட்டுக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். நடத்துனருக்கு எங்கள் கதை தெரிந்துவிட்டது.

"என்னம்மா, வழக்காளியும் எதிராளியும் ஒரே சீற்றிலயோ? இண்டைக்கு ஆர் வெல்லுறது?"

"நீ ரிக்கற்றைக் கிழி தம்பி. தீர்ப்பை நீதிபதி ஐயா எழுதுவார்" என்றீர்கள் நீங்கள்.

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். மன்னார்த் தீவுக்குக் கடலை ஊடறுத்துப் போகும் பாதையில் பஸ் ஏறியதும் என் சிரிப்பு நின்றுவிடும். அந்த இடம் வந்தால் நீதிமன்றத்துக்கு இனிக் கொஞ்சத் தூரம்தான். இருபுறமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையைப் பொத்திப் பிடித்திருப்பேன். நீங்கள் அதைக் கவனித்து, "பயப்படாதேங்கோ. உங்கட குசினியை இடிக்க நான் விடுவனே" என்பீர்கள். ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்த தாளில் இடிக்கவேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. வழக்குக்கு உங்கள் மனம் தெரியாது அக்கா, உங்கள் தாள் மட்டும்தான் தெரியும். அதுதான் என் பயம்.

ஒருமுறை நீதிபதி ஐயாவே இணக்கத்துக்கு வழி சொன்னார். குசினி நிற்கும் இடம் எனக்கு, மீதி உங்களுக்கு. என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நான் உடனே ஓம் என்றேன். நீங்கள், "யோசிக்க ஒரு தவணை தாங்கோ ஐயா" என்றீர்கள். அடுத்த தவணையிலும் அதையே சொன்னீர்கள்.

அன்று பஸ் தரிப்பிடத்தில் நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் தாழ்வுபாட்டு மீனவக் கிராமத்துப் பெண் ஒருத்தியிடம் கருவாட்டை முகர்ந்து பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை.

"நீங்கள் அந்த நிலத்தில என்ன நடப்போறியள் அக்கா? மிளகாய்க் கன்று கூட வராத நாலடி. என்னை இப்படிச் சித்திரவதை செய்யிறதில உங்களுக்கு என்ன?"

கருவாட்டைத் திருப்பி வைத்தீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோர நிழலில் நின்றீர்கள். நீங்கள் அப்போது சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"என்ர பிள்ளைக்கு நீங்கள் எத்தினை மனு எழுதித் தந்தனீங்கள் ரீச்சர். எல்லாக் கந்தோரிலயும் வாங்கி வைச்சாங்கள். ஒருத்தரும் திருப்பிக் கூப்பிடேல்லை. இஞ்ச மட்டும்தான் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடினம். நான் நிண்டால் ஐயா நிமிர்ந்து பாக்கிறார். போகேக்கை, இன்ன திகதிக்கு வாங்கோ எண்டு சொல்லினம். வழக்கு முடிஞ்சால் பிறகு நான் எங்க போறது?"

பிறகு, "அதோட, அவன் வந்து வளவை அளந்து பாத்தால் குறைஞ்சிருக்கக் கூடாது" என்றீர்கள்.

உங்கள் மகன் போரின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் பிளாஸ்ரிக் கானோடு போனவர். போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள், பிறகு கண்டவர் எவரும் இல்லை. இறப்புச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று எத்தனை பேர் சொன்னார்கள். நீங்கள் அந்தத் தாளை மட்டும் கடைசிவரை கையால் தொடவில்லை.

அந்த நிழலில் நின்றபோதுதான் எனக்கு ஊர் வழக்குகள் எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன. பெரிய இழப்புக்குக் கேள்வி கேட்க வழியில்லாதவர்கள் நாங்கள். யாரைக் கேட்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. தட்டவும் பயம். ஆனால் ஆடு சீலையைத் தின்றால் ஆட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு முகவரி இருக்கிறது. பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒருவர் கிடைத்துவிடுகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரராக இருப்பதுதான் எங்கள் விதி. உங்களுக்கு நான் கிடைத்தேன். இதை விளங்கிக்கொண்டதால் என் பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். இரக்கம் வந்தது, பயமும் அப்படியே இருந்தது.

போன மழைக்காலத்தில் நீங்கள் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். எதிராளியான நான்தான் உங்கள் வாய்க்குத் தண்ணீர் விட்டேன். எட்டாம் நாள் சடங்கு முடிந்து சில நாளில் என் சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம். வழக்காளி இறந்தால் அவருடைய இடத்தில் வாரிசான உரித்தாளி ஒருவர் நிற்கவேண்டுமாம். உங்களுக்கு மகனைத் தவிர வேறு உரித்துக்காரர் இல்லை. மகனும் இல்லையென்று ஆகிவிட்டால் வழக்குத் தானாக அற்றுப்போகும்.

"நீங்கள் பக்கத்து வளவு, ஊரறிஞ்ச ரீச்சர். மகன் செத்துப்போனார் எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. குசினி தப்பிச்சுது" என்றார்.

கிராம அலுவலரான விதானையாரும் வந்தார். கதிரையில் இருந்து, மகன் இறந்துவிட்டார் என்று தட்டச்சு செய்த கடிதத்தை என் முன்னால் வைத்தார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விசயம்தானே ரீச்சர். உங்களுக்கும் நிம்மதி" என்றார். அவர் கெட்டவர் அல்லர். எனக்காகத்தான் வந்தார். பேனையைக் கையில் எடுத்தேன், அதை உங்களுக்கு ஒளிக்கமாட்டேன். குசினிச் சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு கையெழுத்து. எத்தனை பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் யோசிக்காமல் வைத்த கையெழுத்து. பேனையை மூடி, நீதிமன்றத்திலேயே சொல்லுகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

போன மாதம் முதல்முறையாகத் தனியே பஸ்ஸில் போனேன். நடத்துனர் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் உயிரோடு இருக்கிறாரா என்று ஐயா கேட்டார். என் சட்டத்தரணி எனக்குத் தலையசைத்தார்.

"அவர் இறந்ததை நான் காணவில்லை ஐயா. கண்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அவர் இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்."

ஐயா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு உரித்தாளியைப் பற்றி விசாரிக்கச் சொல்லி இன்னொரு தவணை போட்டார். வெளியே வந்ததும் சட்டத்தரணி, "வெண்ட வழக்கை நீங்களே தோக்கப் பாக்கிறியள்" என்று கோபித்தார். அவர் சொல்வது சரிதான். நான் துணிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை என் வாயால் சாகடிக்கும் பயம், குசினி இடிபடும் பயத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இப்போது படலையில் ஆள் சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறேன். குசினியை இடிக்கும் கட்டளையோடு ஒருவர் வந்து நிற்கலாம். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, கையெழுத்து வைத்துத் தாளை வாங்கவேண்டியதுதான். வேறொருவரும் வந்து நிற்கலாம். நரைத்திருப்பார், எனக்கு உடனே அடையாளம் தெரியாது. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ரீச்சர், அம்மா எங்கே?" என்று கேட்பார். ஆயிரம் பிள்ளைகளுக்கு வசனம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தேன் அக்கா. அவருக்குச் சொல்லவேண்டிய வசனத்தை ஒவ்வொரு நாளும் மனதுக்குள் தொடங்கிப் பார்க்கிறேன். முதல் சொல்லுக்கு அப்பால் போக முடியவில்லை.