கிணற்றோரம் கொட்டிய எரு

பாவாயியின் தங்கைக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று எருமப்பட்டியிலிருந்து அண்ணன் வண்டியோடு வந்து நின்றான். புருஷன் செங்கோடன் சந்தைக்குப் போயிருந்தான். யுத்த நிதி நோட்டீசின் பின்பக்கம் பாவாயி அவனுக்கு அவசரமாக எழுதினாள்:

"ஏனுங்க, தங்கச்சிக்கு வலி எடுத்திருச்சு, போறேன். கம்மஞ்சோறு உறியில இருக்குது. சாவி பக்கத்து ஊட்டு அத்தாயிகிட்ட. நேத்து நீங்க கிணத்தோரம் கொட்டின பன்னி எருவ மழைக்கு முந்திக் காட்டுக் கடைசிக்கு மாத்துங்க. சருகும் மண்ணும் போட்டு மூடி மக்க விடுங்க. பச்சையாப் போட்டா கத்திரி வேரு வெந்துபோகும். மழையில கரைஞ்சா கிணத்துத் தண்ணி கெட்டுப்போகும். இதச் சொன்னதுக்குத்தான் என்மேல கைய ஓங்கினீங்க."

"நேரமாகுது சாமி," என்று பாவாயியைச் செல்லமாக அவசரப்படுத்தினான் அண்ணன்.

அவள் வண்டியில் ஏறும்போதே தூறல் விழுந்தது. கிணற்றில் அத்தாயி குடிதண்ணீருக்குக் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். பாவாயி கீழே குதித்தாள்.

"அண்ணா, ஒரு கூடை எடுங்க."

அத்தாயியும் சேர்ந்துகொண்டாள். மூவரும் குவியலைச் சுமந்துபோய் வயக்காட்டுக் கடைசியில் கொட்டி மூடினார்கள். மழை வலுத்தது. பாவாயி கையைக் கழுவிக்கொண்டு வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"எருவ நாங்களே மாத்திட்டோம். தை பொறக்குற வரைக்கும் தொடாதீங்க. என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினா வரமாட்டேன். நீங்களே வரோணும்."