வான் தீவுப் பாரில் நாம் பெயர்த்தது

மாப்ளே,

இன்று காலை பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றினார்கள். அந்தச் சூடான நெடி உள்ளே வந்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நீ போய் ஆறு வருஷமாகிறது. அந்த நெடியை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

முத்துக்குளிப்பு நின்றுபோனபின், மூச்சடக்கத் தெரிந்த உன்னையும் வள்ளம் வைத்திருந்த என்னையும் சுண்ணாம்புக் காளவாசல்காரர் கூப்பிட்டார். கரைக்கு எதிரே வான் தீவைச் சுற்றிக் கடலடியில் பவளப்பாறையாக வளர்ந்திருந்த பாரில் நீ முங்கி, சுண்ணாம்பு சுடுவதற்குக் கடப்பாரையால் முருகைக்கல்லைப் பெயர்ப்பாய். நான் கயிறு கட்டி மேலே இழுப்பேன். கல்லின் பொந்துகளிலிருந்து குட்டி மீன்கள் விழுந்து வள்ளத்துக்குள் துடிக்கும். நாம் அவற்றைப் பொருட்படுத்தியதே இல்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் நீ வெறுங்கையோடு மேலே வந்தாய்.

"கல்லு இல்லையா மாப்ளே?" என்றேன்.

"கல்லு கிடக்கு மச்சான். மீனைத்தான் காணோம். ஒரு களவாய்கூட இல்ல. அதுக வீட்டைல்லா இடிச்சிட்டோம். நாளைக்கு நம்ம பிள்ளைக எதைத் திங்கும்?"

"நாம விட்டா வேற எவனாவது எடுப்பான். பேசாம முங்கு."

நீ முங்கவில்லை. மறுநாளே வலைக்குப் போய்விட்டாய். நான் மீனின் வீட்டை இடிக்கிறேன் என்று காட்டிக்கொடுக்க மனமில்லாமல், உன் பெண்டாட்டியான என் தங்கையிடம் காதுவலி என்று சொல்லிவைத்தாய். நான் வேறொருவனை முங்கவைத்துக் கல்லெடுத்தேன்.

கரைப்பக்கம் மீன் அற்றுப்போனது. நீ ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் தூரம் போனாய். அந்த ஐப்பசியில் திடீரென்று காற்று மாறியபோது பாதி தூரத்தில் இருந்தவர்கள் கரை சேர்ந்தார்கள். உன் வள்ளத்தின் இரண்டு பலகைகள் மட்டும் நாலாம் நாள் ஒதுங்கின.

பிறகு நானும் கல்லெடுப்பதை விட்டேன். மனம் திருந்தியல்ல, பெயர்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அலையைத் தடுக்கப் பார் இல்லாமல் தீவு கரைந்துகொண்டிருக்கிறது. உன் மூத்தவன் வலையை விற்றுவிட்டு லாரியில் கிளீனராகப் போகிறான். பார் இனி வளர்ந்தாலும் அவன் பேரன் காலத்தில்தான் வளரும். அதுவரை விட்டுவைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது தங்கை கேட்டாள்: "அண்ணே, பக்கத்துலயே மீன் பட்டிருந்தா அவரு அம்புட்டு தூரம் போயிருப்பாரா?"

"கடல் அப்படித்தாம்ளா" என்றேன்.

வீடு வரும்வரை அவள் கடலை ஏசிக்கொண்டே வந்தாள். நான் கூடவே நடந்தேன்.