சுகமாகிவிட்டாய் என்று நான்தான் சொன்னேன்

என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆளான எஸ்தர் அண்ணிக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். சபைப் பத்திரிகையில் போட என் சாட்சியை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஊருக்குப் பொதுவாக எழுத வரவில்லை. உனக்கு என்றால் வருகிறது. மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். வாட்ச்மேன் வேலை, பகலெல்லாம் குறட்டை. என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்காதே, அது அவருக்கே தெரியாது. எட்டாம் வகுப்பில் நீ விட்டுப்போன உன் மகள் ஜெனி, இப்போது படூர் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள். கழுத்தில் அட்டை, கையில் செல்போன். அவளைக் கூப்பிட வேன் வந்தால் செங்கல்பட்டில் நம் தெரு நாய்கள்கூட மரியாதையாக எழுந்து வழிவிடுகின்றன.

அடுத்த செய்தி, உனக்கு வந்த கேன்சர் எனக்கும் வந்துவிட்டது. உனக்கு மாரில், எனக்குக் கர்ப்பப்பையில். உன் புடவையைத்தான் கேட்காமல் எடுத்துக் கட்டுவேன், வியாதியையுமா எடுத்துக்கொள்வேன்?

சிரித்துவிட்டாயா? போதும். இனிமேல் எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

உனக்கு மூன்றாவது ஊசி போட்ட அன்று மெட்ராஸ் டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "கட்டி சின்னதாகியிருக்கு. இன்னும் மூணு ஊசி போடணும்." இவ்வளவுதான் சொன்னார். எலக்ட்ரிக் டிரெயினில் நீ ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். எனக்கு உட்கார முடியவில்லை. செங்கல்பட்டில் இறங்கி உன்னை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நேரே பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். "ஐயா, எங்க அண்ணிக்குக் கட்டி கரைஞ்சே பூட்ச்சி!" என்றேன். சின்னதானதை நான் கரைத்துவிட்டேன். எதையாவது உள்ள அளவுக்குச் சொல்லியிருக்கிறேனா என் ஆயுசில்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

"இன்னாடி சொல்லி வச்சிகீற?"

"போ அண்ணி. எப்படியும் கரையத்தானே போவுது? நாலு நாளு முன்னாடி சொன்னா ஆண்டவரு கோச்சிக்குவாரா?"

முடி கொட்டின தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நீ எழுந்தாய். சபை முழுக்க உன்னையே பார்த்தது. அத்தனை முகத்தையும் ஏமாற்ற உனக்கு மனசு வரவில்லை. "கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்தாரு" என்றாய். அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. எல்லாரையும்விட ஜெனிதான் ஓங்கிக் கை தட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் நான், ஏதோ கல்யாணத்தை முடித்து வைத்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மீதி மூன்று ஊசியும் போட்டு, தலையில் முடியும் வந்தது. அடுத்த மே மாத லீவில் கோவளத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போனோம். ஈரப் புடவையை நீ வலது கையால் மட்டும் கொடியில் வீசிக்கொண்டிருந்தாய்.

"இன்னா அண்ணி, ஒத்தக் கையால துணி காயப்போடுற? புது ஸ்டைலா?" என்று உன் இடது கையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

நீ போட்ட கூச்சலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் மறைவுக்கு என்னை இழுத்துப்போய் அக்குளைக் காட்டினாய். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

"எத்தினி நாளா கீது?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

"அஞ்சு மாசமா? பைத்தியமா நீ? ஏன் சொல்லல?"

"சபை நடுவுல நின்னு சுகமாயிட்டேன்னு சொல்ட்டனே, சலோமி. இப்போ இல்லன்னு சொன்னா ஆண்டவரைப் பொய்யாக்குறாப்புல ஆவாதா?"

உன்னாலதானே என்று நீ சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறம் படுக்கையில் கிடந்தபோதும் சொல்லவில்லை. ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா அண்ணி?

ஆஸ்பத்திரியில் "ஏம்மா முன்னாடியே வரல?" என்று கேட்டார்கள். நீ தரையைப் பார்த்தாய். நானும் தரையைத்தான் பார்த்தேன். அந்த வருஷத்து மழை தொடங்குவதற்குள் நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வரும்போது, "சாட்சி சொன்ன பிறகும் வந்துச்சின்னா விசுவாசம் பத்தலன்னுதான் அர்த்தம்" என்று யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அது ஜெனி காதில் விழுந்தது. அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சபை கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுவாள், உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள். "எங்கம்மாவை பொய் சொல்ல வச்ச எடம் அது" என்பாள். பாஸ்டர்தான் உன்னை வற்புறுத்தினார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆறு வருஷம் அவளுக்குத் தலை வாரினேன், சோறு ஊட்டினேன், காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்டேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள்தான் இப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவள். எனக்கு வேறு யார்? நான் வாந்தி எடுத்தால் பையைப் பிடிப்பாள். லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க வராண்டாவில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கையை இழந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு வியாதியைவிடப் பெரிதாக இருந்தது.

ஜெபமும் வரவில்லை, அண்ணி. சுகம் கொடும் என்று கேட்க வாயைத் திறந்தால், அவர் சொல்லாததை அவர் பேரில் சொன்ன வாய்தானே இது என்று தோன்றும், மூடிக்கொள்வேன். கரண்ட் வைக்கும் அறை, அந்த ரேடியேஷன் அறை, உனக்குத் தெரியும். நம்மைப் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய் அந்தப் பெரிய கதவைச் சாத்திக்கொள்வார்கள். மெஷினும் நாமும்தான். ஒருநாள் அப்படிக் கிடந்தபோது, உயிர்த்தெழுந்து வந்தவர் சீஷர்களிடம் என்ன காட்டினார் என்று யோசித்தேன். ஆணி அடித்த கையைத்தானே காட்டினார்? சாவையே ஜெயித்தவர் அந்தத் தழும்பை மூடிக்கொண்டு வரவில்லையே! அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நாம் எதற்கு மூடினோம்?

"ஆண்டவரே, பயமா கீது" என்று சத்தமாகவே சொன்னேன். ஜெபமே அவ்வளவுதான். பயம் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்படவில்லை. உனக்கும் கடைசியில் அப்படி ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருக்க வேண்டும் என்று தினமும் ஆசைப்படுகிறேன்.

போன மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "இப்போதைக்கு நல்லா இருக்கு. ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். பாஸ்டர் வீட்டு அம்மா வந்து, "ஞாயித்துக்கெழமை சாட்சி சொல்லுங்க சலோமி" என்றார்கள். சரி என்றேன். ஒரே ஒரு நாள் உள்ளே வா என்று ஜெனியிடம் கெஞ்சினேன். வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் எழுந்ததும், ஏதோ தமாஷ் சொல்லப்போகிறாள் என்று பாதிப் பேர் பல்லைக் காட்டினார்கள்.

"நான் சுகமாயிட்டேன்னு சொல்ல வரல. இன்னும் ரெண்டு வருஷம் போவணுமாம். எங்க எஸ்தர் அண்ணிக்குக் கட்டி சின்னதாச்சின்னுதான் டாக்டரு சொன்னாரு. கரைஞ்சிட்ச்சின்னு பாஸ்டர்கிட்ட சொன்னது நானு. எங்க அண்ணி விசுவாசம் பத்தாம சாவல. என் வாயி நீளத்தாலதான் செத்துது" என்றேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

இரண்டு நாள் ஜெனி பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். நான் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போய் ஏறி உட்கார்ந்தேன். வண்டி அசையும்போது ஓடிவந்து ஏறினாள். என் எதிரே உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாம்பரம் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"ஆறு வருஷமா என் தலையை வாரிகினே இதை மறைச்சிகினு இருந்தியா அத்தை?"

"ஆமாண்டி."

"அம்மா உன்னைத் திட்டலையா?"

"ஒரு வார்த்தை திட்டல. அதான்டி பேஜாரே."

இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனது. பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உனக்குத் திரும்பி வந்தா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். பாஸ்டருக்கு இல்ல. சாமிக்குக்கூட அப்புறந்தான்."

"சாமிக்குத்தான் முன்னாடியே தெரிஞ்சிருக்குமேடி."

அவள் சிரிக்கவில்லை. சரி என்றேன். என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. ஆனால் இறங்கும்போது என் பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள்.

அண்ணி, பத்திரிகைக்கு இதோடு முடித்திருக்கலாம். முடிக்க முடியவில்லை.

நான்கு நாளாக எனக்கு இடது இடுப்பில் ஒரு வலி. தொடை வரைக்கும் இறங்குகிறது. குடம் தூக்கினதால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று ஜெனி, "ஏன் நொண்டுற?" என்று கேட்டாள். "உன் கல்யாணத்துக்கு டான்ஸ் பழகினு கீறேன்" என்றேன். அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் நீ எனக்குப் புரிந்தாய். ஆண்டவர் பெயரைக் காப்பாற்றத்தான் நீ மறைத்தாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதுவும் இருந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து மாதமும் இந்த முகம்தானே உன் எதிரே உட்கார்ந்து சோறு தின்றது? அதை அழவைக்க எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்? நீ சாட்சிக்குப் பின்னால் ஒளித்தாய். நான் கேலிக்குப் பின்னால் ஒளிக்கிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் ஜெனி வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். எங்கே வலி, எத்தனை நாளாக, எவ்வளவு என்று உள்ளபடி சொல்வேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், கேலி சேர்க்கமாட்டேன். இது அச்சாகி வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் தெரியவில்லை என்றால், இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.

அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், அண்ணி. அந்த நேரத்தில் ஆண்டவரோடு நீயும் என் பக்கத்தில் கொஞ்சம் நில்.

உன் மகளிடம் இனி எதையும் மறைக்காத,
உன் நாத்தனார்
சலோமி