குதிரைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்

அலுமாரியை நகர்த்தியபோது உம்முடைய சுவர்த்தாளின் நீலப் பூக்கள் தெரிந்தன. அறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று மகள் வதனி ஓர் ஆளைப் பிடித்து அனுப்பியிருந்தாள். வந்தவன் நீராவி அடித்துச் சுவர்த்தாளை உரித்துக்கொண்டிருந்தான். மற்றப் பக்கமெல்லாம் வெளிச்சம் பட்டுத் தாள் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. அலுமாரிக்குப் பின்னால் மட்டும் நீர் ஒட்டிய நாளில் இருந்தது போலவே இருந்தது. ஈரத்தாளும் பழைய பசையும் சேர்ந்த மணம் அறையெல்லாம் பரவியது. நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை அடைக்கும், கண் கலங்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நீலம் இன்னும் நல்ல நீலமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

பிறகுதான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. இதே தாளில் மிஞ்சிய துண்டை வெட்டித்தான் வதனியின் பள்ளிக்கூடக் கதைப்புத்தகத்துக்கு நீர் உறை போட்டீர். "பள்ளிக்கூடத்துச் சாமான். ஊத்தையாக்கிக் குடுத்தால் எங்களைத்தான் சொல்லுவினம்" என்றீர். அலுமாரிக்குப் பின்னால் இருந்த துண்டைக் கிழியாமல் எடுத்துத் தரும்படி அந்த ஆளிடம் கேட்டேன். தந்தான். ஹீட்டரின் மேல் காயப்போட்டேன். காய்ந்ததும் பொடிப்பொடியாகப் போய்விட்டது.

இதை நான்தான் எழுதுகிறேன் என்றால் நீர் நம்பமாட்டீர். நீர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். "வாங்கோ, நாளுக்கொரு எழுத்துப் பழக்கிவிடுறன்" என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பீர். "நீர் இருக்கேக்க எனக்கென்னத்துக்கு எழுத்து?" என்பேன். நீர் போய், வேலையும் ஓய்ந்த பிறகு, வீட்டில் இருக்க ஏலாமல் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் வாசிக்கப் பழகினேன். தமிழ் அதற்குப் பிறகு. இங்கே தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், கால் நிலத்தில் எட்டாத பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தேன். இப்போதும் ஒரு வரி எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

ஆனால் டூட்டிங்குக்கு மீன் வாங்கப் போனால் நான் நேரத்துக்குத் திரும்புவதில்லை. வீதியில் இருக்கிற கடைப் பலகைகளையெல்லாம் வாசிக்க வேண்டுமே. மீன்கடைப் பெடியன் கேட்கிறான், "என்ன ஐயா, அண்ணாந்து பாக்கிறியள், கடையை விலைக்குக் கேக்கப் போறியளோ?" எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. உமக்குச் சொல்ல வெட்கம். ஆனால் சந்தோசம்தான்.

அந்தப் புத்தகம் வந்த காலம் வதனி மிடில் ஸ்கூலில் கடைசி வகுப்பு. அவளுடைய ஆங்கில ரீச்சர் ஒவ்வொரு நாளும் கரும்பலகையில் புதுச் சொற்கள் எழுதுவா. பிள்ளைகள் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒரு பெரியவர் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மறுநாள் பிள்ளை அதை வகுப்பில் எழும்பி நின்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த சொல் ரிலக்டன்ட். மனமில்லாமல் பின்னுக்கு இழுப்பது என்று வதனி விளங்கப்படுத்தினாள். நீர் புட்டு அவித்துக்கொண்டு நின்றீர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொப்பர் குளிக்கிறதெண்டால் ரிலக்டன்ட்."

மற்ற நாள் பின்னேரம் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, மிஸ் கேட்டவ, கடைசியில நீங்கள் குளிச்சனிங்களோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"தெரியாது, நான் படுத்திட்டன் எண்டு சொன்னன்."

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால் என் மானம் அப்படிப் போயிற்று. இன்னொரு நாள் ஸ்டபர்ன் வந்தது. பிடிவாதம். "இதுக்கு வாக்கியம் என்னத்துக்கு?" என்றீர். "ஆளையே கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு."

சொற்களோடு ஒரு நாவலும் இருந்தது, நீர் நீலப் பூ உறை போட்ட அதே புத்தகம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். அன்றன்று வாசித்த அத்தியாயத்தை வீட்டில் திரும்ப வாசிக்க வேண்டும். இன்னும் வாசிக்காத பக்கங்களையெல்லாம் சேர்த்து ரீச்சர் ஒரு கிளிப் போட்டுவிடுவா. கிளிப்பைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. நான் வதனியின் யூனிஃபோர்மை அயன் பண்ணிக்கொண்டிருப்பேன். நீர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லுவீர். கதை இவ்வளவுதான்: கால்வாயில் சாமான் ஏற்றிப் போகும் படகு, அதிலேயே குடியிருக்கும் ஒரு தகப்பனும் மகளும், கரையில் நடந்து படகை இழுக்கும் ஒரு வயதுபோன குதிரை. அதைக் கிழவன் என்பீர், என்னைப் பார்த்துக்கொண்டே.

வயிற்றுக்குத்து என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். அவர்கள் திரும்ப விடவில்லை. நான் வேலை செய்த ஆஸ்பத்திரிதான். கீழே சலவைப் பகுதியில், பையின் நிறம் பார்த்துத் துணி பிரிக்கும் வேலை எனக்கு. எழுத்துத் தேவைப்படாத வேலை. ஷிப்ட் முடிய மேலே வருவேன். உமக்கு விரித்திருந்த துணி என் மெஷினில் உருண்டு வந்ததுதான். அதைத் தடவிப் பார்த்து, "மடிப்புச் சரியில்லை" என்றீர்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு நடுத்தவணை விடுமுறை. கதை நின்றிருந்த இடம் உமக்குத் தெரியும். ஒரே பனிப்புகார். கிழவன் கால் வழுக்கிக் கால்வாய்க்குள் விழுந்துவிடுகிறது. மகள் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசி வரி: கயிறு தளர்ந்தது. அடுத்த பக்கத்திலிருந்து கிளிப். வதனி புத்தகத்தை உம்மிடம் விட்டிருந்தாள். நாள் முழுக்க அது உம்முடைய தலைமாட்டில் கிடந்தது.

"இஞ்சேரும், கிளிப்பைக் கழட்டிப்போட்டுப் பாருமன்" என்றேன்.

"ரீச்சர் கூடாதெண்டவ."

"அது பிள்ளையளுக்கு."

"பிள்ளையளுக்கெண்டால் எங்களுக்கில்லையோ? நான் களவாய்ப் பாத்துப்போட்டு அவளைப் பாக்காதை எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"ரீச்சர் இஞ்ச வந்து நிண்டு பாக்கப் போறாவே?"

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் துவங்குது. திங்கள் பின்னேரம் எல்லாருக்கும் தெரியும். இப்ப என்ன அவசரம்?"

அவசரம் இல்லாததால் நாங்கள் வாதாடினோம். கிழவன் தப்பும் என்றீர். தப்பாது என்றேன். ஊரில் கிணற்றுக்குள் விழுந்த மாட்டைத் தூக்கப் போனவன் நான். கயிறு தளர்ந்தால் முடிந்தது. "கயிறு தளர்ந்தால் கழுத்தில இருந்து கழண்டிட்டுது எண்டும் நினைக்கலாம். நீந்திக் கரையேறும்" என்றீர். "கிழடு என்னெண்டு நீந்தும்?" என்றேன். "நீங்கள் ஸ்டபர்ன்" என்றீர். பக்கத்துக் கட்டில் கிழவி, புருசனும் பெண்சாதியும் எதற்கோ பெரிய சண்டை என்று நினைத்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிய அந்தச் சண்டைக்காகத்தான் படியேறி வந்தேன்.

வெள்ளிக்கிழமை டொக்டர் என்னைப் புறம்பாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அரைகுறையாகத்தான் விளங்கியது. அது போதும். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். நீர் தொடங்கினீர்.

"கிழவன் தப்பும்."

"ஓம்" என்றேன். "தப்பும்."

நீர் என்னைப் பார்த்தீர். "டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை."

"என்ர சீவியத்தில நீங்கள் எனக்கு ஓம் எண்டு சொன்ன மனிசன் இல்லை." கொஞ்ச நேரம் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தீர். பிறகு சிரித்தீர். "சரி, நான் ஒண்டும் கேக்கேல்லை. ஆனால் நீங்கள் சாகும் எண்டே சொல்லிக்கொண்டிருங்கோ. எனக்கு அதுதான் நல்லாயிருக்கு."

சாகும் என்றேன். தப்பும் என்றீர். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும் வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு காலை நீர் போய்விட்டீர். புத்தகத்தில் கிளிப் போட்டபடியே இருந்தது.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை, வரவில்லை. சனம் சாப்பாடு கொண்டு வந்தது, சாப்பிட்டேன். "திடமான மனிசன்" என்றார்கள். பிறகு வேலைக்குப் போனேன். வெள்ளைப் பையிலிருந்து வெள்ளைத் துணி, சிவப்புப் பையிலிருந்து தனியாகக் கழுவ வேண்டிய துணி. உடம்பின் ஒரு பக்கத்தைக் கீழே வைத்து நெடுநேரம் படுத்தால் விறைத்துப் போகுமல்லவா, அந்த மாதிரி. இரத்தம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வருடங்கள் போய்விட்டன.

செத்தவீடு முடிந்து வதனி பள்ளிக்கூடம் போய் நாவலை முடித்துவிட்டு வந்தாள். "அப்பா, அந்தக் குதிரை..." என்று தொடங்கினாள்.

"சொல்லாதை."

"உங்களுக்குத் தெரிய வேண்டாமோ?"

"கொம்மாவுக்குத் தெரியாது. எனக்கென்னத்துக்கு?"

அதோடு எங்கள் மேசைக்குச் சொற்கள் வருவது நின்றுபோயிற்று. பிள்ளை தானே வாக்கியங்களைக் கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சுவர்த்தாள் உரித்த அன்று அவளுக்குப் போன் எடுத்தேன். புத்தகத்தின் பேரைக் கேட்டேன். "ஏனப்பா இப்ப? முடிவு வேணுமெண்டால் டூ மினிட்ஸில சொல்லுறன்" என்றாள். "வேண்டாம், பேரை மட்டும் சொல்லு" என்றேன். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்ல நானே எழுதி, லைப்ரரியில் கொடுத்தேன். அவர்கள் வேறு ஓர் இடத்திலிருந்து எடுப்பித்துத் தந்தார்கள். நேரே கடைக்குப் போய் ஒரு கிளிப் வாங்கினேன். வாசிக்காத பக்கங்களைச் சேர்த்துப் போட்டேன். ரீச்சர் சொன்னது சொன்னதுதானே.

ஒரு காலைக்கு ஒரு பக்கம். சில காலைகளில் அரைப் பக்கம். ஒருநாள் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வாசிக்கும்போது ரிலக்டன்ட் வந்தது. காதால் மட்டும் பழகிய சொல், முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். போனிலேயே வருடக்கணக்காகக் கதைத்த ஆள் நேரில் வந்து முன் சீற்றில் இருந்தது போல இருந்தது. உடனே உம்முடைய குரல் கேட்டது: கொப்பர் குளிக்கிறதெண்டால். தனியே இருந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஸ்டபர்ன் வந்தது. இப்படி எத்தனையோ சொல், ஒவ்வொன்றுக்குள்ளும் நீர் ஒரு நக்கலோடு இருந்தீர்.

கயிறு தளர்ந்தது என்ற வரிக்கு வந்து சேர்ந்தேன். கிளிப்பைக் கழட்டினேன். அடுத்த பக்கத்தின் நடுவில் கிழவனுக்கு என்ன நடந்தது என்ற வரி இருந்தது. விரல் வைக்காமல், எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்துவிட்டு, ஆருக்காவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன். சரியாக வாசித்த சந்தோசம்தான் முதலில் வந்தது. குதிரை பிறகுதான் செத்தது.

சுடலையில் உம்முடைய பேர் எழுதிய நினைவுப் பலகையிலும் இதுதான் நடந்தது. வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம் வதனி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து, பேர் முழுதாக வந்ததும், "வந்திட்டுது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வதனி மற்றப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆகவே, கேளும். கிழவன் தப்பவில்லை. நான் முதலில் சொன்னதுதான் சரி. கட்சி மாறியிருக்கத் தேவையே இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஏற்றின சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வேறு குதிரை இல்லை. தகப்பனும் மகளும் கயிற்றை நெஞ்சில் போட்டுக்கொண்டு கரையில் இறங்குகிறார்கள். முதலில் படகு அசையவில்லை. பிறகு அசைகிறது. கடைசி வரியில் ஒரு சொல் இருந்தது: ரிஸ்யூம். எனக்கு அது தெரியவில்லை. எவ்வளவு உற்றுக் கேட்டும் அதற்குள் உம்முடைய சத்தம் இல்லை. நீர் போன பிறகு கரும்பலகைக்கு வந்த சொல்லாக்கும். அகராதியில் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதாம்.

வதனிக்குப் போன் எடுத்தேன். "ரிஸ்யூமுக்கு ஒரு வாக்கியம் இருக்கு, கேக்கிறியே?"

"சொல்லுங்கோ."

"கொம்மா விட்ட இடத்தில இருந்து கொப்பர் ரிஸ்யூம் பண்ணினவர்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ரீச்சரின் குரலில் கேட்டாள், "கடைசியில நீங்கள் குளிச்சனிங்களோ?"

"இன்னும் இல்லை" என்றேன்.

புத்தகத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிளிப் என் சட்டைப் பையில் இருக்கிறது. கிழவன் செத்துப்போனது எனக்குத் தெரியும், எழுத்தில் பார்த்துவிட்டேன். இருந்தும் மீன் வாங்கப் போகும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நான் சாகும் என்கிறேன். நீர் தப்பும் என்கிறீர். அப்படியே சொல்லிக்கொண்டிரும். எனக்கும் அதுதான் நல்லாயிருக்கிறது.